ஹப்புத்தளை மலைப்பாதையில் மூன்று சைக்கிள்கள்

சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று எங்கள் கல்முனைப் பக்கத்தில் எவரும் எவரையும் கேட்பதில்லை. நடக்கத் தெரியுமா என்று கேட்பது போலாகிவிடும். வயலுக்குப் போவதும் சைக்கிளில்தான். கடற்கரைக்கு மீன் வாங்கப் போவதும் சைக்கிளில்தான். மத்ரஸாவுக்குப் பிள்ளையை ஏற்றிச் செல்வதும் சைக்கிளில்தான். வாப்பாவின் பழைய றலி சைக்கிளில், சீட்டுக்குக் கால் எட்டாத வயதில், கம்பிகளுக்கு இடையே காலை விட்டு அரைப்பெடல் போட்டுப் பழகியவன் நான். இப்போது நாற்பதைத் தாண்டி ஐந்தாறு வருடமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது, பெரிய பெரிய உத்தியோகத்தர்களெல்லாம் புதிதாகச் சைக்கிள் வாங்கி ஓடுவதைப் பத்திரிகையில் பார்த்து, "இதென்ன புதினம்!" என்று சிரித்தவர்கள் நாங்கள்.

அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்கும் நாள் ஹப்புத்தளையில் வந்தது. நான் அதுவரை ஓட்டியதெல்லாம் மேசை போன்ற சமதரையில் என்பதை அங்கேதான் விளங்கிக்கொண்டேன். வாசகர்களுக்கும் பயன்படக் கூடும் என்பதால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரே பாதை, ஒரே காற்று

என்னோடு அறபுக் கல்லூரியில் ஒன்றாக ஓதிய கூட்டாளி ஒருவர் பண்டாரவளையில் வசிக்கிறார். "ஒரு முறையாவது குடும்பத்தோடு வாங்க" என்று வருடக்கணக்காக அழைத்துக்கொண்டிருந்தார். 2024 ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில்தான் அது கைகூடியது. குடும்பத்தில் மற்றவர்களுக்கு வசதிப்படவில்லை. "மகனையாவது கூட்டிக்கிட்டுப் போங்க. வீட்டுல இருந்தா ஃபோனுக்குள்ளேயே கிடப்பான்" என்று மனைவி சொன்னார்.

மகன் அந்த வருடம் மே மாதம் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தான். பரீட்சைக்கு முன்னர் நான் அவனை நெருக்கியது கொஞ்சநஞ்சமல்ல. ஆசிரியரின் மகன் என்ற சுமை வேறு. பரீட்சை முடிந்த பின்னர் எங்களிருவருக்கும் இடையில் பேச்சுக் குறைந்துவிட்டது. நான் கேட்பதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்வான். அவனாக ஒன்றும் கேட்க மாட்டான்.

எங்கள் ஊரின் பிரதான வீதி ஏ-4 வீதி. கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று என்று சுற்றிக்கொண்டு கல்முனையைத் தொட்டு மட்டக்களப்பில் முடிவடைவது அது. தினமும் அந்த வீதியைக் குறுக்கறுத்துப் பள்ளிக்குப் போகிறவன், அதே வீதி ஹப்புத்தளை மலையின் அடியால், கொஸ்லந்தை, பெரகலை என்று போகிறது என்பதை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பஸ்ஸில் மகனுக்கு அதைச் சொன்னேன். "ம்" என்றான்.

இன்னொரு உறவும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் அடிக்கும் அனல் காற்றைக் கச்சான் என்கிறோம். தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று, மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. எங்களுக்கு உதடு வெடிக்கச் செய்யும் அதே வறண்ட காற்றுத்தான் ஊவா மலைகளின் தேயிலைக்குத் தனி மணத்தைக் கொடுக்கிறது. ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. நாங்கள் வெறுக்கும் காற்று அங்குள்ளவர்களுக்கு வருமானம்.

மலைச் சைக்கிள்

கூட்டாளியின் மூத்த மகனுக்கு இருபத்திரண்டு வயது. பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை. விடுமுறை நாளில் தோட்டப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சைக்கிள்களை வாங்கித் தானே திருத்தி வைத்திருந்தார். தனக்கொன்று, தம்பிக்கொன்று, மூன்றாவதை அயல்வீட்டில் இரவல் வாங்கினார்.

"மாமா, நாளைக்கு லிப்டன் சீட் போவோம். ஹப்புத்தளை வரைக்கும் லொறியில சைக்கிள ஏத்திக்குவோம். அங்கேயிருந்து ஓட்டிக்கிட்டுப் போய், இறங்கி வந்து ளுஹர் தொழலாம்" என்றார்.

"நாற்பது வருஷமா சைக்கிள் ஓடுறவன் நான், மகன். பயப்பட வேணாம்" என்றேன்.

அந்தச் சைக்கிளைப் பார்த்தபோது ஒரு விடயம் விளங்கியது. எங்கள் ஊர்ச் சைக்கிள் நிமிர்ந்து அமர்ந்து நேரே செல்வதற்கென்று செய்யப்பட்டது. இது அப்படியல்ல. டயர் அகலம், அதில் முரட்டுப் பற்கள். ஹேண்டில் நேர்க்கம்பி. முன் சில்லுக்கு மேலே குலுக்கத்தைத் தாங்கும் சுருள் கம்பி. பெடலருகே மூன்று பல்சக்கரங்கள், பின் சில்லில் ஏழு.

காலையில் புறப்படுமுன் அந்தத் தம்பி எங்களுக்குப் பாடம் நடத்தினார். கியரை மேடு வருவதற்கு முன்னரே குறைக்க வேண்டும். மேட்டில் மூச்சிறைக்க அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் இழுபடும், சில வேளை கழன்றுவிடும். ஏறும்போது எழுந்து நின்று மிதிக்கக் கூடாது. அமர்ந்தபடியே உடலைச் சற்று முன்னே சாய்த்து, இலகுவான கியரில் ஒரே சீராக மிதிக்க வேண்டும். எழுந்து நின்றால் பின் சில்லின் மீதுள்ள பாரம் குறைந்து, சரளைக் கல்லில் அது சும்மா சுழலும். டயருக்குக் கல்லுப் போலக் காற்றடிக்கக் கூடாது. தோட்டப் பாதைக்குக் கொஞ்சம் இளக்கமாக இருந்தால்தான் நிலத்தைப் பிடிக்கும்.

"இறங்கும்போது ரெண்டு பிரேக்கையும் ஒண்டா புடிங்க மாமா. முன் பிரேக்தான் முக்கியம்" என்றார் கடைசியாக.

எனக்கு அது சரியாகப் படவில்லை. "முன் பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுவாய்" என்று வாப்பா எனக்குச் சொன்னதையே நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறேன். என் ஊர்ச் சைக்கிளில் முன் பிரேக் துருப்பிடித்து வருடங்களாகின்றன. ஆயினும் வாலிபனின் மனம் நோகக் கூடாதென்று தலையாட்டிவிட்டேன். தலைக்கவசம் ஒன்றை நீட்டினார். இரண்டுதான் இருந்தன. "நீங்க ரெண்டு பேரும் போடுங்க, எனக்குத் தொப்பி போதும்" என்று சொல்லிவிட்டேன்.

ஏற்றம்

ஹப்புத்தளை ஒரு மலையின் முதுகில் அமைந்த சிறு பட்டணம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர். 1893ஆம் ஆண்டு புகையிரதம் இங்கு வந்து சேர்ந்தது. கடைத்தெருவின் முனையில் நின்று தெற்கே பார்த்தால், அப்பால் தரையே இல்லாதது போலத் தோன்றும். காற்றோ ஆளைத் தள்ளும். பிஸ்மில்லாஹ் சொல்லி ஏறினோம்.

அங்கிருந்து தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலைவரை ஏறக்குறைய 10 கிலோமீற்றர். மலையின் இடுப்பைச் சுற்றிக் கட்டிய அரைஞாண் போல ஓர் ஒடுங்கிய பாதை. தொட்டலாகலை, பிட்டரத்மலை என்று தோட்டத்துக்குப் பின் தோட்டம். இடையில் லயன் வீடுகள், சிறு கோயில், பலசரக்குக் கடை, வாசலில் உலரும் துணி. பஸ் வரும்போது சைக்கிளைக் கானோரமாக ஒதுக்கி நிறுத்திவிட வேண்டும். இரண்டுக்கும் இடம் போதாது.

முதல் மூன்று கிலோமீற்றரில் என் நாற்பது வருட அனுபவம் வியர்வையாக ஓடிவிட்டது. கியரை மாற்ற மறந்து, மேட்டின் நடுவில் மாற்றி, இரு முறை செயினைக் கழற்றினேன். மகன் இறங்கி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், கையெல்லாம் கறுப்பு எண்ணெயாக அதை மாட்டித் தந்தான். இரண்டாம் முறை மட்டும், "வாப்பா, ஏத்தம் தொடங்க முந்தியே மாத்துங்க" என்றான். வீட்டில் நான் அவனுக்குச் சொல்லும் தொனி அதில் இல்லை. ஒரு தகவலைச் சொல்வது போலச் சொன்னான்.

1890இல் லிப்டன் கட்டுவித்த தொழிற்சாலை இன்றும் வெள்ளை நிறத்தில் நீண்டு கிடக்கிறது. அதன் அருகே செல்லும்போதே வாடும் கொழுந்தின் மணம். தோமஸ் லிப்டன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த மளிகை வியாபாரி. அதே 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தவர், கோப்பிச் செய்கை நோயினால் அழிந்து விலை வீழ்ந்திருந்த தோட்டங்களை வாங்கினார். தேயிலையைச் சிறு பொட்டலங்களில் அடைத்து, இங்கிலாந்தின் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்.

தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு மேலும் 7 கிலோமீற்றர் அளவில் ஏற வேண்டும். இதுதான் உண்மையான ஏற்றம். வளைவுக்கு மேல் வளைவு. தார் பெயர்ந்த இடங்களில் சரளைக் கல். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்து பறிக்கும் பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன் என்பதை ஒளிக்கவில்லை. தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கமில்லை என்று அந்தத் தம்பி சொன்னார். ஓட்ட முடியாத இடத்தை அறிந்து இறங்குவதும் இந்தப் பழக்கத்தில் ஒரு பகுதியாம்.

உச்சியில் ஒரு கதை

லிப்டன் சீட் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,970 மீற்றர். லிப்டன் தம் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். இன்று அவர் அங்கு சிலையாக அமர்ந்திருக்கிறார். மலைகளை அடுக்கடுக்காகப் பார்க்கலாம். தெற்கே சமவெளி விரிந்து கிடக்கும். வானம் தெளிந்த காலையில் அம்பாந்தோட்டைக் கடல் வரை தெரியும் என்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை மணி. மூடுபனி கீழிருந்து ஏறத் தொடங்கியிருந்தது. அரை மணி நேரம் பார்க்கக் கிடைத்தது. பிறகு வெண்திரை விழுந்துவிட்டது. பார்க்க விரும்புவோர் விடியற்காலையில் வந்துவிட வேண்டும்.

லிப்டனுக்குச் சிலை உண்டு. அவர் அமர்வதற்குப் பாதை வெட்டி, கல் அடுக்கி, செடி நட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களது பெயர் அங்கு எங்கும் கிடையாது. அவர்களது பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

தேநீர்க் கொட்டிலில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டீயும் எடுத்தோம். மலைச் சைக்கிள் எங்கே தோன்றியது என்று கேட்டேன். தம்பி உற்சாகமாகச் சொன்னார். பிறகு நான் படித்துப் பார்த்ததிலும் அது சரியாகவே இருந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் என்ற மாவட்டம் இருக்கிறது. 1970களின் நடுப்பகுதியில் அங்குள்ள வாலிபர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட தடித்த டயர்ப் பழைய சைக்கிள்களைத் தேடி எடுத்து, காட்டுத்தீயை அணைப்பதற்கென்று மலையில் வெட்டியிருந்த மண்பாதைகளில் இறக்கி ஓட்டினார்கள். 1976 ஒக்டோபரில் அதையே ஒரு போட்டியாக நடத்தினார்கள். அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரீபேக்'. மறுபடி நிரப்புதல் என்று பொருள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பின் சில்லு பிரேக் மட்டுமே அந்தச் சைக்கிள்களில் இருந்தது. ஒரு தடவை இறங்கியதும் அந்தப் பிரேக் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாகிப் போய்விடும். கீழே வந்ததும் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் நிரப்பினால்தான் அடுத்த தடவை ஓட்டலாம். இந்த ஓட்டத்துக்கென்றே தனியாகச் சட்டகம் செய்தவர்களில் ஜோ பிரீஸ் என்பவர் முன்னோடி. 1977இல் தம் முதலாவது சைக்கிளைச் செய்து முடித்தார். இருபது வருடம் கழியுமுன், 1996இல், மலைச் சைக்கிள் ஒலிம்பிக் போட்டியிலும் சேர்ந்துவிட்டது.

"ஆக, இந்த விளையாட்டே பிரேக்கில இருந்துதான் தொடங்கியிருக்கு மாமா" என்றார் தம்பி.

நான் சிரித்தேன். அந்தக் கதை எனக்கும்தான் சொல்லப்படுகிறது என்று அப்போது தோன்றவில்லை.

வளைவில் நடந்தது

இறக்கம் தொடங்கியதும் உடம்புக்கு இறக்கை முளைத்தது போலிருந்தது. மிதிக்கத் தேவையில்லை. மூச்சுத் திணறிய வளைவுகளெல்லாம் இப்போது ஓடி வந்து மறைந்தன. தம்பி முன்னே, மகன் நடுவே, நான் கடைசி. இரண்டு வளைவுகளில் தம்பி நின்று திரும்பிப் பார்த்தார். "மெதுவா மாமா" என்று கையைக் காட்டினார். மகன் சொன்னபடியே செய்துகொண்டு போனான்: சீட்டைப் பதித்து, உடலைப் பின்னே தள்ளி, இரு பெடலையும் சமமட்டத்தில் வைத்து, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொண்டு. அவன் மெதுவாகப் போவதைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. நான் அவனை முந்தினேன்.

பதினொன்றரை மணி இருக்கும். தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரம். அது எனக்குத் தெரியாது. ஒரு வளைவில் திரும்பியபோது, பாதை நிறையப் பெண்கள் கொழுந்துச் சாக்குகளைத் தலையில் தாங்கிக்கொண்டு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

நாற்பது வருடப் பழக்கம் கையில் வேலை செய்தது. பின் பிரேக்கை மட்டும் முழுப் பலத்தோடு அழுத்தினேன். பின் சில்லு பூட்டிக்கொண்டது. ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. சரளைக் கல்லில் பின்புறம் பாம்பு போல வழுக்கிக்கொண்டே போனது. பெண்கள் கூச்சலிட்டு மேட்டுப் பக்கம் ஒதுங்கினார்கள். ஒருவரால் ஒதுங்க முடியவில்லை. நான் சைக்கிளைத் தேயிலைச் செடிக்குள் திருப்பினேன். ஹேண்டில் முனை அவருடைய சாக்கில் கொளுவி இழுத்தது. சாக்குக் கிழிந்தது. நான் செடிக்குள் கிடந்தேன். அவர் பாதையில் அமர்ந்துவிட்டார்.

எழுந்து ஓடினேன். அவருக்கு அடிபடவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஐம்பது வயதைத் தாண்டிய பெண். நடுங்கிக்கொண்டிருந்தார். என் முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் வந்தது, தலைக்கு ஒன்றுமில்லை. செடியில் விழாமல் கல்லில் விழுந்திருந்தால் என் துணித் தொப்பி என்னைக் காப்பாற்றியிராது.

"பாத்து வரக் கூடாதா நானா? புள்ளைங்களும் இந்த ரோட்டுலதானே போய் வருதுங்க" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு வாய் வரவில்லை. ஒழுக்கத்தையும் பொறுமையையும் பற்றி நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன், தன் மகனின் கண் முன்னால், பாதையோரத்தில், கொட்டிக் கிடந்த கொழுந்துக்கு நடுவில் நின்றேன்.

மகன்தான் முதலில் குனிந்து கொழுந்தை அள்ளத் தொடங்கினான். பிறகு நானும் தம்பியும் அள்ளினோம். மற்றப் பெண்களும் உதவினார்கள். ஆனால் மண்ணும் கல்லும் கலந்த கொழுந்தை நிறுவையில் போட முடியாது என்றார்கள். பாதிக்குக் குறையாமல் வீணாகிவிட்டது. காலையிலிருந்து அவர் பறித்தது அது. கிலோக் கணக்குக் குறைந்தால் அன்றைய சம்பளமும் குறையும்.

சட்டைப்பையில் இருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"காசு வேணாம் நானா. மடுவத்துக்கு வந்து கணக்கப்பிள்ளைகிட்ட நடந்தத சொல்லிட்டுப் போங்க. நான் கவனமில்லாம கொட்டிட்டேன்னு எழுதிறக் கூடாது" என்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். கொழுந்து மடுவத்தில் நாற்பது ஐம்பது பெண்கள் நிறுவைக்குக் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், "பிழை என்னுடையது. வேகமாக வந்து இந்த அம்மாவின் சாக்கைக் கிழித்தது நான்தான்" என்று சொன்னேன். கணக்கப்பிள்ளை என் தாடியையும் தொப்பியையும் முழங்கை இரத்தத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், வீணான கொழுந்தை மற்றவர்கள் எவ்வளவு என்று மதிக்கிறார்கள் எனக் கேட்டு, எழுதிக்கொண்டார். நாலைந்து பெண்கள் ஒரே குரலில் ஒரு தொகையைச் சொன்னார்கள். விடயம் முடிந்துவிட்டது. ஒருவர் போத்தலில் தண்ணீர் ஊற்றி என் கையைக் கழுவிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் மகன் தன் தலைக்கவசத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"நீங்க போடுங்க வாப்பா. நான் தள்ளிக்கிட்டு வாறன்."

"ரெண்டு பேருமே தள்ளுவோம்" என்றேன்.

தொழிற்சாலை வரை இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அந்த நடையில்தான் அவன் பேசினான். கணிதப் பாடம் சரியாக எழுதவில்லை என்றும், அதைச் சொன்னால் நான் ஏசுவேன் என்று மூன்று மாதமாக மனத்தில் வைத்திருந்ததாகவும் சொன்னான். நான் ஏசவில்லை. ஏசுவதற்கு அன்று எனக்கு வாயிருக்கவில்லை என்பதும் உண்மைதான். "எழுதினது எழுதினதுதான். வரட்டும், பார்ப்போம்" என்றேன். பின்னேரம் ஹப்புத்தளைப் பள்ளிவாசலில் ளுஹரைத் தொழும்போது நேரம் பிந்திவிட்டிருந்தது.

இறங்கும் முறை

மறுநாள் தம்பியிடம் மாணவனாக அமர்ந்து கேட்டேன். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சரிகிறது. அதனால் முன் சில்லு நிலத்தை இறுகப் பிடிக்கிறது. பின் சில்லு இலேசாகிவிடுகிறது. இலேசான சில்லை எவ்வளவு அழுத்தினாலும் அது வழுக்குமே தவிர நிறுத்தாது. நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சில்லில்தான் இருக்கிறது. முன் பிரேக்கைத் திடீரென்று முழுதாக அழுத்தினால் வாப்பா சொன்னது போலத் தலைகுப்புற விழுவோம் என்பதும் சரியே. ஆகவே உடலைப் பின்னே தள்ளி, இரண்டையும் சேர்த்து, விரல்களால் படிப்படியாக அழுத்த வேண்டும். வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் கடுமையாகப் பிரேக் பிடித்தால் சில்லு வழுக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் சூடேறிப் பிடி குறையும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். கண்ணைக் குழியில் வைத்தால் சில்லும் குழிக்கே போகும். போக வேண்டிய இடத்தில் கண்ணை வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் பண்டாரவளை விளையாட்டு மைதானம் ஒன்றின் சிறு சரிவில், பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, ஒரு மணி நேரம் பழகினேன். மகன் ஒரு கல்லை வைத்து, "இதுக்கு முந்தி நிக்கணும்" என்பான். பத்தில் ஏழு முறை நின்றேன்.

போக விரும்புவோருக்கு

குடும்பத்தோடு ஊவாப் பக்கம் செல்கிறவர்கள் முதலில் சிறிய பாதையைத் தெரிவு செய்யலாம். ஹப்புத்தளையிலிருந்து மேற்கே 3 கிலோமீற்றர் தூரத்தில் அடிசம் பங்களா இருக்கிறது. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய கல்வீடு; இன்று கிறிஸ்தவத் துறவிகளின் மடம். அந்தப் பாதை தங்கமலைக் காட்டோரமாகச் செல்கிறது. பிள்ளைகளும் ஓட்டலாம். தம்பேத்தன்ன தொழிற்சாலை வரை செல்வது நடுத்தரம். அதற்கு மேல் ஏறுவது பழகியவர்களுக்கு. கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதையும் இந்த மலைகளைத் தொட்டுச் செல்கிறது. அது பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளை இணைத்து நடப்பவர்களுக்காக அமைத்தது. சைக்கிளோடு அதில் இறங்கினால் நடப்பவருக்கே முதலிடம்.

கையில் ஒரு மாற்று டியூப், பம்ப், ஒட்டுப் பெட்டி, தண்ணீர், கொஞ்சம் பேரீச்சம்பழம், மழைச்சட்டை போதும். ஈரக் காலத்தில் அட்டைக்கு உப்பு. தலைக்கவசம் ஆளுக்கொன்று, இரண்டு பேருக்கு இருக்கும்போது மூன்று பேர் புறப்படக் கூடாது.

காலநிலையை அலட்சியம் செய்யவே வேண்டாம். ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை அந்தச் சரிவுகளில் கடும் மழை. அந்த மலைத்தொடரின் தெற்கே கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மண்சரிவு லயன் வீடுகளை மனிதர்களோடு மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகமெங்கும் மண் சரிந்து, பல நூறு உயிர்கள் போயின; வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் அறுந்தன. ஆகவே நான் மேலே எழுதிய பாதைகளைப் பழைய வரைபடம் போலவே கொள்ளுங்கள். அங்கு வாழ்பவர்களிடம் கேட்காமல் எந்தத் தோட்டப் பாதையிலும் இறங்க வேண்டாம். அவர்கள் "இன்றைக்கு வேண்டாம்" என்றால், அன்றைக்கு வேண்டாம்.

புயலுக்குப் பின்னர் பண்டாரவளைக்கு அழைத்தபோது, கூட்டாளியின் வீட்டார் சுகமாயிருப்பதாகச் சொன்னார்கள். அந்த அம்மாவைப் பற்றி விசாரிக்க எனக்கு வழியில்லை. அவரது பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. துஆவில் "அந்த மடுவத்துப் பெண்" என்றே சொல்கிறேன்.

மகனுக்குக் கணிதம் பயந்த அளவுக்கு மோசமில்லை, சித்தியடைந்தான். இப்போது உயர்தரம் படிக்கிறான். ஊருக்கு வந்த மறுவாரமே என் சைக்கிளின் துருப்பிடித்த முன் பிரேக்கைக் கழற்றி, புதிய கம்பியும் கட்டையும் வாங்கிப் பூட்டித் தந்தவன் அவன்தான். கூலி கேட்கவில்லை.

லிப்டன் சீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பதினொரு மணிக்குப் பிறகு இறங்குகிறீர்களானால், ஒவ்வொரு வளைவிலும் மணி அடியுங்கள். அது கொழுந்து நிறுக்கும் நேரம்.